பேரீச்சமர நிழலில் ஒரு நீதிபதி: யூத மரபில் பெண்ணின் அடக்கமும் பொதுவாழ்வும்

2011ஆம் ஆண்டு மே மாதம், பின்லேடனைக் கொன்ற நடவடிக்கையை வெள்ளை மாளிகை அறையொன்றில் அமர்ந்து ஒபாமாவும் அவருடைய அதிகாரிகளும் கவனித்த புகைப்படம் உலகெங்கும் வெளியானது. நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வரும் ‘டி ட்சைதுங்’ என்ற இத்திஷ் மொழி வார இதழும் அதை அச்சிட்டது. ஆனால் அதில் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டனைக் காணோம். பின்னால் நின்ற இன்னொரு பெண் அதிகாரியையும் காணோம். இருவரையும் படத்திலிருந்து அழித்திருந்தார்கள். கண்டனம் எழுந்ததும், அடக்கம் பற்றிய சமய நெறிப்படி பெண்களின் படங்களைத் தாங்கள் வெளியிடுவதில்லை என்று இதழ் விளக்கம் தந்தது. பெண்கள் பதவி வகிப்பதைத் தாங்கள் இழிவாக நினைக்கவில்லை, கிளின்டன் செனட்டராக இருந்த காலத்தில் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் அவருக்குப் பெருவாரியாக வாக்களித்தவர்கள்தாம் என்றும் அது சொன்னது. ஒரு பெண்ணுக்கு வாக்களிக்கலாம், அவள் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்கிற இந்த நிலைக்கு யூத மரபு உண்மையிலேயே இடம் தருகிறதா? மூல நூல்களையும் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால், தரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ‘த்ஸ்னியூத்’ என்று யூதர்கள் சொல்லும் அடக்கநெறி, ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. எங்கே நிற்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் காலத்து வழக்கமே தீர்மானித்திருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றாகக் கலக்கப்பட்டதால் விளைந்த சேதம் பெரிது.

எபிரேய வேதத்தில் அடக்கத்தை வலியுறுத்தும் மிகப் புகழ்பெற்ற இடம் மீகா தீர்க்கதரிசியின் ஆறாம் அதிகாரம். நீதியையும் இரக்கத்தையும் சொன்ன மூச்சிலேயே, கடவுளுக்கு முன் அடக்கமாக நடப்பதையும் மனிதனிடம் கேட்கப்படும் கடமையாக அது சொல்கிறது. இதில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. பெண்ணை வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது வேறொரு வரி: 45ஆம் சங்கீதத்தில், அரசகுமாரியின் மகிமை உள்ளே இருப்பதாக வரும் வரி. அந்தச் சங்கீதம் ஓர் அரச திருமணப் பாட்டு. சட்டம் எதையும் அது இயற்றவில்லை. பிற்காலத்தில் அது தடையாக எத்தனை முறை பயன்பட்டாலும், ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் அது வரும் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. மோவாபியர் இஸ்ரவேலின் சபையில் சேரக் கூடாது என்று மோசேயின் நூலான தோரா விலக்கியிருந்தது. பாலைவனத்தில் களைத்து வந்தவர்களை அப்பத்தோடும் தண்ணீரோடும் எதிர்கொள்ளாததே அதற்குக் காரணம். அப்படியானால் மோவாபியப் பெண்ணான ரூத் எப்படிச் சேர்ந்தாள்? ஊருக்கு வெளியே வந்து வழிப்போக்கரை உபசரிப்பது அக்காலப் பெண்களின் வழக்கம் இல்லை, ஆகவே குற்றம் அவர்களைச் சேராது என்று சொல்லும்போதுதான் இந்த வரி சான்றாக வருகிறது. அதாவது, தாவீதின் கொள்ளுப்பாட்டிக்கு வாசலைத் திறந்துவிட்ட வரி அது. அதே வரி பிறகு எத்தனையோ பெண்களின் முன்னால் கதவைச் சாத்தப் பயன்பட்டது.

சட்டத்தின் பகுதியையும் பார்க்க வேண்டும். தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதன் கெத்துபோத் பகுதி, திருமண ஒப்பந்தத் தொகையை இழந்து விலக்கப்படக்கூடிய மனைவியரைக் குறிப்பிடும்போது இரு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று மோசேயின் நெறியை மீறுவது; மற்றொன்று யூதப் பெண்களின் வழக்கத்தை மீறுவது. தலையை மூடாமல் வெளியே போவதும் தெருவில் நூல் நூற்பதும் எல்லோரோடும் பேச்சுக் கொடுப்பதும் இரண்டாம் வகையில் வருகின்றன. இவற்றை அளக்கும் கோல், அக்காலத்துக் கண்ணியமான பெண்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே. கோல் வழக்கமாக இருக்கும்போது வழக்கம் மாறினால் அளவும் மாறும். இது இன்றைய சீர்திருத்தக்காரர் கண்டுபிடித்த வாதமல்ல. பெண்ணின் குரலும் முடியும் தொழுகை நேரத்தில் கவனத்தைக் கலைக்கும் என்று தல்மூதின் பெராகோத் பகுதி சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் லிதுவேனிய மரபைச் சேர்ந்த ரபி யெஹியேல் மிகேல் எப்ஸ்டீன், மணமான பெண்கள் முடியை மறைக்காமல் நடமாடுவது பரவிவிட்டதை வருத்தத்தோடு குறிப்பிட்டார். அந்த வருத்தத்துக்குப் பிறகும், பார்த்துப் பழகிவிட்ட ஒன்று தொழுகையைத் தடுக்காது என்றே அவர் தீர்ப்பளித்தார். பிடிக்காத மாற்றத்தைக்கூட உண்மை நிலவரமாக ஏற்று அதன்படி சட்டம் சொன்ன இந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வழக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்டதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். திருமணங்களிலும் திருவிழாக்களிலும் ஆண்கள் இருக்கும்போதே பாடினார்கள். பெண்குரல் ஆணின் காதில் விழக் கூடாது என்று வேறு நாட்டு யூதர்கள் கடுமையாகக் கடைப்பிடித்த விதி அங்கே பாட்டை நிறுத்தவில்லை. அவர்களைச் சமயப்பற்று இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வேதத்தின் கதைகளுக்கு வந்தால் பெண்கள் பொதுவெளியில் நிற்பதைத்தான் பார்க்கிறோம். செலொப்பியாத்தின் மகள்கள் ஐவரும் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேயும் ஆசாரியனும் தலைவர்களும் சபையார் அனைவரும் பார்க்கத் தங்கள் சொத்துரிமையைக் கேட்கிறார்கள்; அவர்கள் கேட்டது நியாயம் என்று கடவுளே சொல்கிறார். யோசியா ராஜாவின் காலத்தில் ஆலயத்தில் ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைத்தபோது, ஆசாரியன் இல்க்கியாவும் சம்பிரதியான சாப்பானும் அதைப் பற்றி விசாரிக்கப் போனது உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம். எரேமியா தீர்க்கதரிசி அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொள்கிறாள். குடித்திருக்கிறாள் என்று தலைமை ஆசாரியன் ஏலி அதட்டுகிறான். அவள் தயங்காமல் மறுத்து விளக்குகிறாள். தல்மூதின் அறிஞர்கள் யூதத் தொழுகையின் விதிகள் பலவற்றை இந்தக் காட்சியிலிருந்தே எடுத்தார்கள். தவறான சந்தேகத்துக்கு ஆளானவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற விதியும் அவற்றில் ஒன்று. குரல் எழுப்பாத அன்னாள்தான் ஆசாரியனை எதிர்த்துப் பேசியவளும். அவளுடைய அடக்கமும் துணிவும் ஒரே குணத்தின் இரு வேலைகள் என்று மரபு படித்திருக்கிறது.

என் வாதத்துக்கு மையமாக இருப்பவள் தெபோராள். எப்பிராயீம் மலைநாட்டில், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தின் கீழ் அவள் அமர்ந்திருப்பாள். மக்கள் வழக்குகளோடு அவளிடம் போவார்கள். சேனையை நடத்த வேண்டிய பாராக், அவள் கூட வராமல் போருக்குப் போக மறுக்கிறான். தல்மூதின் மெகில்லா பகுதி இங்கே ஒரு சின்னக் கேள்வி கேட்கிறது: ஏன் மரத்தடியில்? அதற்குத் தரப்படும் விடை, ஆணும் பெண்ணும் தனித்திருக்கக் கூடாது என்ற விதி. வழக்கோடு வரும் ஆண்களைத் தன் வீட்டுக்குள் தனியே சந்திப்பது முறையில்லை. பேரீச்சமரமோ கிளை பரப்பாமல் உயர்ந்து நிற்பது, அடியில் இருப்பவரை யாரும் பார்க்கலாம். ஆகவே அவள் அங்கே உட்கார்ந்தாள். அடக்கநெறி அவளைப் பதவியிலிருந்து விலகச் சொல்லவில்லை. வேலையை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் செய்யச் சொன்னது. புரூக்ளின் இதழ் அடக்கத்தின் பெயரால் அழித்த அதே காட்சியை, அடக்கத்தின் பெயராலேயே தல்மூத் உருவாக்கியிருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை லேசானவையும் அல்ல. அதே மெகில்லா பகுதி, அடுத்த பக்கத்திலேயே தெபோராளையும் உல்தாளையும் கர்வம் கொண்டவர்கள் என்று குறை சொல்கிறது. ஒருத்தி பாராக்கைத் தன்னிடம் ஆளனுப்பி வரவழைத்தாள், மற்றவள் ராஜாவை ‘அந்த மனுஷன்’ என்றாள் என்பது புகார். அந்தக் குறையை மூடி மறைப்பது தவறு. பெண் தலைமை கண்டு சங்கடப்பட்ட அறிஞர்கள் இருந்தார்கள். ஆனாலும் ஏழு தீர்க்கதரிசினிகளின் பட்டியலிலிருந்து அவர்கள் இந்த இருவரையும் நீக்கிவிடவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு மைமோனிடீஸ் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்டத் தொகுப்பில் இருக்கிறது: பெண்ணை அரசியாக நியமிக்கக் கூடாது, இஸ்ரவேலின் வேறெந்தப் பதவிக்கும் ஆணையே நியமிக்க வேண்டும். அரசரைப் பற்றிய பகுதிக்கு ஒரு பழைய மித்ராஷ் (ரபிகளின் வேத விளக்கம்) ஆதாரமாக இருக்கிறது. எல்லாப் பதவிகளுக்கும் அதை விரித்ததே சிக்கல். வரலாறு அந்த விரிவோடு ஒத்துப்போகவில்லை. கி.மு. 76 முதல் 67 வரை யூதேயாவை ஆண்ட சலோமி அலெக்சாந்திராவை ரபிகள் அத்துமீறியவளாக நினைக்கவில்லை; அவள் நாளில் மழை வேண்டிய நேரத்தில் பெய்து தானியங்கள் மிகப் பெரிதாக விளைந்ததாகச் சொல்லி அக்காலத்தைப் பொற்காலமாக நினைவுகூர்ந்தார்கள். தெபோராள் எப்படி நீதி சொன்னாள் என்ற கேள்விக்கு, இடைக்கால ஐரோப்பாவின் தொசஃபோத் உரையாளர்கள் தந்த விடைகளில் ஒன்று, மக்கள் அவளைத் தங்கள் மேல் ஏற்றுக்கொண்டார்கள் என்பது. 1960இல் நியூயார்க்கில் ரபி மோஷே ஃபைன்ஸ்டீனிடம் வந்த கேள்வியோ மிக எளியது. சமய விதிப்படி உணவு தயாராவதை மேற்பார்வையிட்டுவந்த ஒருவர் இறந்துவிட்டார். அவர் மனைவி அந்த வேலையை ஏற்றுப் பிழைக்கலாமா? 20ஆம் நூற்றாண்டின் பெரும் ஆர்த்தடாக்ஸ் சட்ட அறிஞரான அவர், மைமோனிடீஸின் விரிவை ஏற்காத அறிஞர்கள் உண்டு, ஒரு விதவையின் வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்ட இடத்தில் அவர்களைச் சார்ந்து நிற்கலாம் என்று அனுமதித்தார்.

உள்ளே இருந்தபடியே தலைமை தாங்கியவர்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த ரெகன்ஸ்பர்க் பெத்தாகியா, பாக்தாத் யூதக் கல்விக்கூடத் தலைவர் சாமுவேல் பென் அலியின் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவள் வேதத்தில் தேர்ந்தவள். கட்டடத்துக்குள் அமர்ந்து ஜன்னல் வழியே பாடம் சொல்வாள். மாணவர்கள் வெளியே கீழே நின்று கேட்பார்கள், அவளைப் பார்க்க மாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டுக் குர்திஸ்தானில் அஸ்னத் பர்ஸானி, கணவர் இறந்தபின் மோசுல் நகரக் கல்விக்கூடத்தையே நடத்தினார். கடன்காரர்கள் நெருக்கியபோது உதவி கேட்டு அவர் எழுதிய கடிதத்தில், என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, அரசகுமாரிபோல் உள்ளேயே வளர்ந்தேன், வேதக் கல்வி தவிர வேறெந்த வேலையும் எனக்குக் கற்பிக்கப்படவில்லை என்கிறார். 45ஆம் சங்கீதத்தின் வாசனை அதில் அடிக்கிறது. பெண்ணை அடைக்கப் பயன்பட்ட வரி, இங்கே ஒரு பெண் ஆசிரியரின் தகுதிச் சான்றாகிறது. இந்த ஜன்னலும் வாசலும் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் பெண்ணின் அறிவு ஆண்களை எட்டலாம், ஆளலாம் என்பதை அந்தச் சமூகங்கள் ஒப்புக்கொண்டிருந்தன. உருவம் பற்றி மட்டுமே தகராறு.

நவீன காலத்தில் இந்தக் கேள்வி முழு வேகத்தோடு எழுந்தது 1919, 1920ஆம் ஆண்டுகளில். பாலஸ்தீன யூதர்கள் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் நடத்தவிருந்தார்கள். பெண்களுக்கு வாக்கு உண்டா என்ற பிரச்சினையில், ஜெருசலேமில் ரபியாக இருந்த ஆபிரகாம் ஐசக் கூக் எதிர்ப்பின் பக்கம் நின்றார். பொதுக்காரியம் ஆண்களின் கடமை. பெண்கள் அரசியலில் இறங்கினால் அடக்கம் குலையும், கணவனும் மனைவியும் வேறுவேறு கட்சி என்றால் வீட்டின் அமைதி கெடும் என்பது அவர் வாதம். கூக் குறுகிய மனிதர் அல்லர். சமயப்பற்றில்லாத யூதர்களையும் அணைத்துக்கொண்டவர். அவருடைய அச்சத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் விடை சொன்னவர் அதே ஆர்த்தடாக்ஸ் மரபிலிருந்து வந்தார். அப்போது யாஃபாவின் செபார்திய ரபி, பின்னாளில் 1939 முதல் 1953 வரை தலைமை ரபியாக இருந்த பென்-த்ஸியோன் உஸியேல், இத்தடைக்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை என்றார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கட்டளைக்குப் பெண்களும் கீழ்ப்படிய வேண்டும், வரி கட்ட வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் இல்லை என்றால் எந்த நியாயத்தில்? வீட்டுச் சண்டை வரும் என்றால், வளர்ந்த பிள்ளைகளுக்கும் தகப்பனுக்கும் கருத்து வேறுபடுமே, அவர்கள் வாக்கையும் பறிக்கலாமா? அடக்கம் குலையும் என்பதற்கு அவர் தந்த பதிலும் நடைமுறையிலிருந்தே வந்தது. ஆண்களும் பெண்களும் கடைத்தெருவில் நாள்தோறும் பேரம் பேசுகிறார்கள், யாரும் கூச்சலிடுவதில்லை; பொறுப்பான காரியத்துக்குக் கூடும் சபையில் மட்டும் ஒழுக்கம் எப்படிக் கெடும்? பெண் வாக்களிக்கலாம், மக்கள் ஏற்றால் தேர்ந்தெடுக்கப்படவும் செய்யலாம் என்பது அவர் முடிவு. அந்த 1920 தேர்தலில் ஜெருசலேமின் தீவிரப் பழமைவாதிகளுக்குத் தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. அங்கே பெண்கள் வாக்களிக்கவில்லை, ஒவ்வோர் ஆணின் வாக்கும் இரண்டாக எண்ணப்பட்டது. பெண்ணை அடக்கத்துக்காக விலக்கியவர்கள் அவளுடைய எண்ணிக்கையை மட்டும் கைவிடத் தயாராக இல்லை. 1955இல் டெல் அவிவ் மேயர் பதவி கோல்டா மேயருக்குக் கிடைக்காமல் போனதற்குச் சமயக் கட்சி உறுப்பினர்கள் ஒரு பெண்ணை ஏற்க மறுத்தது காரணம். 1969இல் அவர் இஸ்ரேல் நாட்டுக்கே பிரதமரானார்.

நெகேவ் பாலைவன ஊரான யெருஹாமில் லேயா ஷக்தியேல் என்ற ஆர்த்தடாக்ஸ் பெண்ணைச் சமயச் சபையில் சேர்க்க மறுத்த வழக்கு 1988இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி மெனகெம் எலோன் யூதச் சட்ட வரலாற்றில் பேரறிஞர், அவரும் சமயநெறியில் வாழ்ந்தவர். மைமோனிடீஸ், கூக், உஸியேல் என்று நெடிய விவாதத்தை முழுவதும் ஆராய்ந்தே, அந்தப் பெண்ணை விலக்கியது செல்லாது என்றார். சமயத்தை ஒதுக்கிவைத்துத் தரப்பட்ட தீர்ப்பு இல்லை அது.

பழமைவாதிகளின் இன்னொரு மறுப்பு மரியாதைக்குரியது. எங்கள் பெண்களே இந்த வாழ்க்கையை விரும்புகிறார்கள், வீட்டிலிருந்தே அவர்கள் சமூகத்தை உருவாக்குகிறார்கள், மேடை ஏறினால்தான் செல்வாக்கா என்று கேட்கிறார்கள். அந்தச் செல்வாக்கு பொய்யல்ல. ஆனால் அதை அவர்களுக்குப் பெற்றுத் தந்ததே வாசலைத் தாண்டிய ஒரு பெண். 1917இல் கிராக்கோவில் தையல் வேலை செய்துவந்த சாரா ஷெனிரர், சில சிறுமிகளை வைத்துச் சமயக் கல்விக்கான பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்குத் தோரா கற்பிப்பதைக் கடிந்த பழைய கருத்து தல்மூதில் இருந்தபோதும், பெல்ஸ் என்ற ஹசிடியப் பக்திப் பிரிவின் குரு ஆசி தந்தார். பிறகு ஹாஃபெத்ஸ் ஹயீம் போன்ற மகான்கள், காலம் மாறிவிட்டது, இது கட்டாயத் தேவை என்று ஆதரித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த ‘பேத் யாகோவ்’ பள்ளிகளில் பல்லாயிரம் சிறுமிகள் படித்தார்கள். இன்று இஸ்ரேலில் ஹரேதி எனப்படும் தீவிரப் பழமைவாதச் சமூகத்தில் ஆண்கள் பலர் முழுநேரம் வேதம் படிக்க, சம்பாதிப்பது பெண்கள். அலுவலகத்துக்குப் போய் அந்நிய ஆண்களோடு வேலை செய்து சம்பளம் கொண்டுவருவது அடக்கத்துக்கு உகந்தது, அந்தச் சம்பளத்தின் மீதான வரியை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் சபைக்கு வேட்பாளராவது உகந்ததல்ல என்பதற்கு என்ன காரணம்? ஹரேதிக் கட்சிகளின் பட்டியலில் பெண்கள் இல்லாததற்கு நான் படித்தவற்றில் எங்கும் திருப்தியான பதில் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு வேறு: அடக்கநெறியே ஆண்கள் செய்த விலங்கு, அதைத் திருத்துவதைவிடத் தூக்கி எறியலாமே என்பது. இதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. பெத் ஷெமேஷ் நகரில் பெண்கள் இப்படித்தான் உடுத்த வேண்டும், தொழுகைக்கூடத்தின் எதிரே நடைபாதையில் நிற்கக் கூடாது என்று பலகைகள் தொங்கின. அவற்றை நகராட்சி அகற்றாததற்காக 2015இல் நீதிமன்றம் நான்கு பெண்களுக்கு இழப்பீடு வழங்கச் செய்தது. ஆனால் அந்தப் பலகைகள் மரபையே தலைகீழாக்கியவை. ஆற்றில் பெண்கள் துணி துவைக்கிறார்கள், ஓர் ஆண் அந்தப் பக்கம் போக வேண்டும். வேறு வழி இருக்கும்போது அவன் இந்த வழியே போனால் பொல்லாதவன் என்கிறது தல்மூதின் பாபா பத்ரா பகுதி. வேறு வழி இல்லையென்றால் பார்வையை அவன்தான் அடக்கிக்கொள்ள வேண்டும். துவைக்கும் பெண்களை எழுந்து போகச் சொல்லவில்லை. 2018இல் அதே பெத் ஷெமேஷ், சமயப்பற்றுள்ள பெண்ணான அலிஸா ப்ளோக்கை மேயராகத் தேர்ந்தெடுத்தது.

நெறியைத் தூக்கி எறிந்தால் பெண்கள் தங்களுக்கென வென்றெடுத்த ஒரு கருவியும் போய்விடும். 1930இல் பெர்லினில் ரெகினா யோனாஸ், பெண் ரபியாகலாமா என்ற தன் ஆய்வில் ஹலாகா என்ற யூதச் சட்டத்தைக் கொண்டே ஆகலாம் என்று வாதிட்டார். அடக்கநெறியை முழு மனதோடு போற்றியவர் அவர். 1935இல் ரபிப் பட்டம் பெற்றார். 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மாதவிலக்கு, தாம்பத்தியம் பற்றிய சட்டக் கேள்விகளோடு ஓர் ஆணிடம் போகப் பெண்கள் கூசுவதால், 1990களின் கடைசியில் ஜெருசலேமின் நிஷ்மத் கல்விக்கூடம் பெண் சட்ட ஆலோசகர்களைப் பயிற்றத் தொடங்கியது. புரூக்ளினில் ஹசிடியப் பெண்ணான ரூகி ஃப்ரையர், பிரசவ வலியில் துடிப்பவளை ஆண் தொண்டர்கள் தூக்கிப்போவது அடக்கத்துக்கு ஏற்றதா என்று கேட்டுப் பெண்கள் மட்டுமே பணிபுரியும் அவசர மருத்துவக் குழுவை அமைத்தார். அவர் வழக்கறிஞர், 2016இல் தேர்தலில் வென்று நீதிபதியானார். அவரை எதிர்த்தவர்களும் அடக்கத்தையே சொன்னார்கள் என்பது, அந்தச் சொல் யார் கையில் இருக்கிறது என்பதே தகராறு என்று காட்டுகிறது.

இன்று இஸ்ரேலில் யூதர்களின் திருமணத்தையும் மணமுறிவையும் ரபிகளின் நீதிமன்றங்களே தீர்மானிக்கின்றன. கணவன் விடுதலைப் பத்திரம் தர மறுப்பதால் வருடக்கணக்கில் அலையும் மனைவி, மூன்று ஆண் நீதிபதிகள் முன் தன் படுக்கையறைக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களிலிருந்து பெண்கள் அங்கே பயிற்சி பெற்ற வாதிகளாக நிற்கிறார்கள். 2013இல் வந்த சட்டம் அந்த நீதிபதிகளை நியமிக்கும் குழுவிலும் பெண்களுக்கு இடம் ஒதுக்கியது. நீதிபதி நாற்காலியில் மட்டும் இன்னும் ஒரு பெண்ணும் இல்லை. இத்தனைக்கும், வழக்குக்கு வரும் இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் போதும் என்ற வழியைத் தெபோராளின் பெயரில் தொசஃபோத் உரையாளர்கள் எழுதிவைத்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாகின்றன.